தைராய்டு கட்டியைச் சூட்டால் சுருக்குவது: எந்த முறை, யாருக்கு?

கானாடுகாத்தானிலிருந்து எழுதியிருக்கும் தங்கையின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆத்தாவுக்கு வயது 58. கழுத்தின் வலப்பக்கம் சில ஆண்டுகளாக ஒரு வீக்கம் இருக்கிறது. இப்போது விழுங்கும்போது ஏதோ தடுப்பது போலவும் இருக்கிறதாம். ஸ்கேனில் வலது தைராய்டு மடலில் 4 × 3 × 2.5 செ.மீ. அளவுள்ள ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. பெரும்பகுதி திடமாகவும் சிறுபகுதி நீராகவும் உள்ளது. ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை ஒருமுறை செய்யப்பட்டு, புற்று இல்லை என்று வந்திருக்கிறது. இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சின் அளவு சரியாகவே இருக்கிறது. மதுரையில் பார்த்த அறுவை மருத்துவர் தைராய்டில் அந்தப் பாதியை எடுத்துவிடலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனோ, கத்தி வைக்காமல் சூட்டாலேயே சுருக்கிவிடலாம் என்கிறார். அதிலும் ரேடியோ அலை, மைக்ரோவேவ், லேசர், ஒலியலை என நான்கு வகைகள் இருப்பது தெரிந்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. வருகிற தை மாதம் அப்பச்சிக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, அறுபதாம் சாந்தி. அன்று ஆத்தா கழுத்திரு என்ற கனமான தாலி நகையை அணிய வேண்டும். அதற்குள் கழுத்து சரியாகிவிடுமா என்ற கவலையும் கேள்விக்குள் இருக்கிறது. நான்கில் எது சிறந்தது என்று கேட்கிறார்.

நான் காரைக்குடியில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவன். கட்டிகளைச் சுடும் சிகிச்சையைச் செய்பவன் அல்லன். ஆகவே எந்த இயந்திரத்தின் மீதும் எனக்குத் தனிப் பற்று இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டிக்குச் சிகிச்சை தேவையா, அது புற்றில்லாத கட்டி என்பது போதுமான அளவு உறுதியாகிவிட்டதா, அது எதனால் ஆனது, கழுத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் எந்தச் சூடு என்ற கேள்வி எழ வேண்டும். அப்படி எழும்போதுகூட, இயந்திரத்தின் பெயரைவிட அதைப் பிடிக்கும் கையே முடிவில் அதிக வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சிகிச்சை தேவையா என்பதில் நம் ஊர்களில் அச்சம் அதிகம். அல்ட்ராசவுண்ட் கொண்டு தேடினால் பெரியவர்களில் 19 முதல் 68 விழுக்காட்டினர் வரை ஏதோ ஒரு தைராய்டு கட்டி தென்படுகிறது என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்ட கணக்குகள் உள்ளன. கழுத்து வலிக்காகவோ இரத்தக் குழாய்க்காகவோ ஸ்கேன் எடுக்க வந்தவரிடம் தற்செயலாகக் கட்டி தெரிவது எனக்கு அன்றாட நிகழ்ச்சி. புற்றில்லை என்று தெரிந்த கட்டிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 992 பேரை வைத்து இத்தாலியில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தவை சுமார் 15 விழுக்காட்டினரிடம் மட்டுமே; தானாகவே சுருங்கியவை அதைவிடச் சற்று அதிகம். ஆகவே தொந்தரவு தராத கட்டியை, இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சுடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஐரோப்பிய தைராய்டு சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: அழுத்தம், விழுங்கச் சிரமம், பார்வைக்குத் தெரியும் வீக்கம் ஆகியவற்றால் அவதிப்படுபவர்களுக்கே இந்தச் சிகிச்சை. உங்கள் ஆத்தாவுக்கு வீக்கமும் தெரிகிறது, விழுங்கும்போது தடையும் இருக்கிறது. ஆகவே சிகிச்சையைப் பற்றி யோசிப்பது முறையே.

அடுத்தது, புற்றில்லை என்ற உறுதி. இங்கேதான் உங்களை ஒரு நிமிடம் நிறுத்த விரும்புகிறேன். அறுவைச் சிகிச்சையில் வெளியே எடுக்கப்படும் பகுதி முழுவதும் நோய்க்கூறியல் கூடத்துக்குப் போகிறது. ஊசியில் தப்பிய ஏதேனும் இருந்தாலும் அங்கே பிடிபடும். சூட்டுச் சிகிச்சையில் கட்டி கழுத்துக்குள்ளேயே வெந்து அழிகிறது. பரிசோதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பின்னர் சந்தேகம் வந்து மீண்டும் ஊசி போட்டாலும், வெந்த திசுவின் நடுவே செல்களைப் படிப்பது கடினம். ஊசிப் பரிசோதனையில் புற்றில்லை என்று வந்தால், அதாவது செல் முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையில் இரண்டாம் வகை என்று வந்தால், அது தவறாக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்று விழுக்காட்டுக்குள்தான். ஆனாலும் ஆதாரத்தையே அழித்துவிடும் சிகிச்சைக்கு முன்னால் ஒருமுறை போதாது, இருமுறை புற்றில்லை என்று வர வேண்டும் என்பது கொரிய, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டிலும் உள்ள விதி. முழுக்க நீராலான கட்டிக்கும், ஸ்பாஞ்ச் போலத் துளைதுளையாகத் தெரியும் கட்டிக்கும் மட்டும் இதில் விலக்கு உண்டு. உங்கள் ஆத்தாவின் கட்டி அந்த இரண்டிலும் சேராது. ஆகவே இரண்டாவது ஊசி அவசியம். அது ஸ்கேன் பார்த்துக்கொண்டே, நீர்ப் பகுதியை விட்டுத் திடப் பகுதியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஸ்கேன் அடையாளங்களை வைத்துப் புற்றின் ஐயத்தை மதிப்பிடும் டைராட்ஸ் எண் ரிப்போர்ட்டில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருப்பது, ஓரம் பிசிறாக இருப்பது, பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவுகள், மிகவும் கறுத்துத் தெரிவது போன்ற அடையாளங்கள் ஸ்கேனில் இருந்தால், ஊசி முடிவு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சூட்டுச் சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது.

இரண்டாவது ஊசியிலும் புற்றில்லை என்றே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வது வழக்கம். ஆனால் சூட்டுச் சிகிச்சையின் பலனை எல்லா ஆய்வுகளும் கன அளவில்தான் சொல்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி, 0.524 என்ற எண்ணால் மீண்டும் பெருக்கினால் மில்லிலிட்டரில் கன அளவு கிடைக்கும். உங்கள் ஆத்தாவுக்கு 4 × 3 × 2.5 × 0.524, அதாவது ஏறத்தாழ 15.7 மி.லி. இந்தக் கட்டி பாதியாகச் சுருங்கினால் சுமார் 8 மி.லி. ஆகும், ஆனால் அப்போது அளவுகள் 3.2 × 2.4 × 2 செ.மீ. என்றிருக்கும். நான்கு சென்டிமீட்டர் 3.2 ஆனதைக் கண்ணாடியில் பார்ப்பவர், பாதியாகிவிடும் என்றார்களே, கால்வாசிகூடக் குறையவில்லையே என்று நினைப்பார். கன அளவு 65 விழுக்காடு குறைந்தால்தான் நான்கு சென்டிமீட்டர் ஏறக்குறைய 2.8க்கு வரும். முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்த வீக்கம் பெரும்பாலும் அடங்குவதும், விழுங்கும் தடை நீங்குவதும் அந்த அளவில்தான். ஆகவே எந்த மருத்துவர் எத்தனை விழுக்காடு குறையும் என்று சொன்னாலும், அது கன அளவா விட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு முறைகளும் செய்வது அடிப்படையில் ஒன்றுதான். திசுவின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் செல்களின் புரதம் உறைந்து அவை அங்கேயே இறந்துவிடுகின்றன. 100 டிகிரியைத் தாண்டினால் நீர் ஆவியாகி, திசு கரியத் தொடங்குகிறது. செத்த திசு உடனே மறைந்துவிடுவதில்லை. உடலின் துப்புரவுச் செல்கள் அதை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அகற்றுகின்றன. அதனால்தான் சிகிச்சை முடிந்த மறுநாள் வீக்கம் குறையாமல், சில நாட்களுக்குச் சற்றுக் கூடியே தெரியும். முறைகளுக்கிடையே வேறுபடுவது சூட்டை உண்டாக்கும் வழி, அது பரவும் வேகம், அதை நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா என்பது ஆகியவையே.

ரேடியோ அலை முறையைத்தான் ஆர்.எஃப்.ஏ. என்கிறார்கள். கொரிய மருத்துவர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து இதைத் தைராய்டுக்கென்றே செம்மைப்படுத்தினார்கள். உள்ளே குளிர்ந்த நீர் சுழலும் சுமார் 1.2 மி.மீ. தடிமனுள்ள ஊசியின் நுனியிலிருந்து அதிர்வெண் மிகுந்த மாறுமின்னோட்டம் பாய்கிறது. நுனியைச் சுற்றியுள்ள அயனிகள் முன்னும் பின்னும் அசைந்து உராய்வதால் சூடு பிறக்கிறது. சூடு உண்டாவது நுனியைச் சுற்றிய சில மில்லிமீட்டருக்குள்தான். அந்தச் சிறிய அளவே இந்த முறையின் பலம். மருத்துவர் கட்டியை மனத்துக்குள் சிறுசிறு அறைகளாகப் பிரித்துக்கொள்கிறார்; ஊசி நுனியை ஆழத்தில் உள்ள அறையில் வைத்து, திரையில் அந்த இடம் வெண்மையாக மாறியவுடன் சற்றே வெளியே இழுத்து அடுத்த அறைக்கு வருகிறார். நகர்த்திச் சுடும் உத்தி என்று இதைச் சொல்கிறார்கள். கல்லீரல் கட்டிகளில் செய்வது போல ஊசியை ஒரே இடத்தில் ஊன்றி வைத்துச் சுட்டால், கட்டியின் ஓரம் வேகாமல் தப்பும், அல்லது ஓரத்தைப் பிடிக்கப் போய் வெளியே இருக்கும் நரம்பு வேகும். தைராய்டு கட்டி உருண்டையாக இருப்பதில்லை என்பதே காரணம்.

ஊசி எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பதும் முக்கியம். தைராய்டின் இரு மடல்களையும் இணைக்கும் நடுப்பாலத்தின் வழியாக, கழுத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் செலுத்துவதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. அப்படிச் செலுத்தினால் ஊசியின் முழு நீளமும் திரையில் தெரிகிறது. நோயாளி விழுங்கினாலோ பேசினாலோ ஊசி எளிதில் இடம் மாறுவதில்லை. சூடான நீர் கசிந்தால்கூட அது நடுப்பாலத்திலேயே தங்கிவிடுகிறது. சரியாகச் செய்தால் ஆறு மாதத்தில் கன அளவு பாதிக்குமேல், பல ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைகிறது. ஓராண்டில் இன்னும் சற்றுக் கூடுகிறது. 20 மி.லி.க்கு மேற்பட்ட பெரிய கட்டிகளுக்கு இரண்டாவது அமர்வு தேவைப்படலாம். உங்கள் ஆத்தாவின் கட்டி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

ரேடியோ அலை முறைக்குத் தொடையில் மின்தட்டு ஒட்ட வேண்டும்; ஒற்றை முனைக் கருவியில் மின்னோட்டம் ஊசியிலிருந்து உடல் வழியாகத் தட்டுக்குத்தான் திரும்புகிறது. இதனால் இரண்டு விஷயங்கள் பின்தொடர்கின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த முறையில் தனிக் கவனம் வேண்டும்; அவர்களுக்கு, மின்னோட்டம் நுனியிலேயே திரும்பிவிடும் இருமுனை ஊசியோ லேசரோ பொருத்தமாக இருக்கும். இன்னொன்று, கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். அது மனத்துக்கு ஒப்பாத வீடுகளில் அன்று மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். கயிற்றில் தங்கம் கோத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சை மேசையில் படுத்த பிறகு நடக்கும் வாக்குவாதம் யாருக்கும் நல்லதில்லை.

மைக்ரோவேவ் முறை சீனாவில் மிகுதியாகப் பயன்பட்டு வருகிறது. இதில் ஊசி நுனியிலிருந்து மின்காந்த அலை புறப்பட்டு, திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாகச் சுழலச் செய்து சூடாக்குகிறது. மின்தட்டு தேவையில்லை, திசு கரிந்தாலும் சூடு தடைப்படுவதில்லை, குறைந்த நேரத்தில் பெரிய பகுதி வெந்துவிடுகிறது. கல்லீரலில் இவையெல்லாம் பெரிய நன்மைகள். கழுத்தில் அதே வேகம் இருபக்கமும் வெட்டும். நுனியிலிருந்து சூடு விரைந்து பரவுவதால், இரண்டு மில்லிமீட்டருக்கு அப்பால் நரம்பு ஓடும் இடத்தில் நிறுத்த நினைத்த கணத்தில் நிறுத்துவது கடினம். ஊசியும் தடிமனானது, பொதுவாக 1.6 மி.மீ. அளவில் இருக்கும். சீனாவில் எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1252 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் இரு முறைகளும் பயனளித்தன. ஆறு, பன்னிரண்டு மாதங்களில் ரேடியோ அலை முறையில் சுருக்கம் சற்று அதிகமாக இருந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல், ரேடியோ அலையோ லேசரோ பொருந்தாதவர்களுக்கென்று மைக்ரோவேவை ஒதுக்கி வைத்திருக்கிறது. மிகப் பெரிய, நரம்பிலிருந்து விலகி நிற்கும் திடக்கட்டிக்கு, அதில் நன்கு பழகியவர் கையில் அது நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. 15 மி.லி. கட்டிக்கு நேரம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

லேசர்தான் நான்கில் மூத்தது. இத்தாலியர்கள் 2000ஆம் ஆண்டிலேயே இதை வெளியிட்டார்கள். 0.8 மி.மீ. அளவுள்ள மெல்லிய ஊசியின் வழியே மயிரிழை போன்ற ஒளியிழையைக் கட்டிக்குள் செலுத்தி, மூன்று நான்கு வாட் ஆற்றலில் சில நிமிடங்கள் ஒளி பாய்ச்சுகிறார்கள். பெரிய கட்டிக்கு இரண்டு முதல் நான்கு இழைகள் வரை ஒரே நேரத்தில் வைக்கப்படும். ஊசி மெல்லியது, மின்னோட்டம் கிடையாது, வேகும் பகுதி எவ்வளவு என்பது முன்கூட்டியே கணிக்கக்கூடியது. 1531 பேரை உள்ளடக்கிய இத்தாலியப் பதிவேட்டில் சிக்கல்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. குறை எங்கே என்றால், இழை ஊன்றிய இடத்தைச் சுற்றித்தான் சுடும். நகர்த்திச் சுடும் உத்தியைப் போல ஓரங்களைத் தேடிப் போக முடிவதில்லை. ரேடியோ அலையையும் லேசரையும் நேருக்கு நேர் வைத்துச் சீட்டுக் குலுக்கல் முறையில் 60 பேரிடம் செய்து 2020இல் வெளியிடப்பட்ட இத்தாலிய ஆய்வில், ஆறு மாதத்தில் ரேடியோ அலையில் சுருக்கம் 64 விழுக்காடு, லேசரில் 53 விழுக்காடு. வேறோர் இத்தாலிய ஆய்வின் ஐந்து ஆண்டு கண்காணிப்பில் இன்னொரு வேறுபாடு தெரிந்தது: மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ரேடியோ அலையில் நூற்றுக்கு 12 பேர், லேசரில் 24 பேர். ஓரத்தில் வேகாமல் தப்பிய விளிம்புதான் பின்னர் மீண்டும் வளர்கிறது என்பதோடு இது பொருந்தி வருகிறது. ஆனாலும் இந்த ஆய்வுகளில் லேசர் செய்தவர்கள் எந்த அளவு ஆற்றல் கொடுத்தார்கள், எத்தனை இழைகள் வைத்தார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறுகிறது. லேசரில் இருபதாண்டுப் பழக்கம் உள்ளவரையும் ரேடியோ அலையை நேற்றுக் கற்றவரையும் இந்த எண்களை வைத்து ஒப்பிட முடியாது.

ஹைஃபு எனப்படும் குவிந்த ஒலியலை முறையில் ஊசியே இல்லை. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போல, தோலுக்கு வெளியே இருந்து வரும் ஒலியலைகள் கட்டிக்குள் ஒரு புள்ளியில் குவிந்து சுடுகின்றன. கேட்பதற்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் கட்டி தோலுக்கு மிக அருகிலும் இருக்கக் கூடாது, மிக ஆழத்திலும் இருக்கக் கூடாது. ஆளும் அசையக் கூடாது. சுடும்போது வலியும் சற்று அதிகம். ஆறு மாதத்தில் சுருக்கம் ஏறத்தாழப் பாதிதான். பெரிய கட்டியில் அதுவும் குறையும். 10 மி.லி.க்கு உட்பட்ட திடக்கட்டிகளுக்கே இது தக்கது. உங்கள் ஆத்தாவுக்கு இது வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

சூடே இல்லாத ஒரு முறையையும் குறிப்பிட்டாக வேண்டும், ஏனெனில் பலருக்கு அதுதான் போதும். கட்டி முழுவதும் அல்லது பெரும்பகுதி நீராக இருந்தால், நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடர் எத்தனாலைச் செலுத்துவதுதான் முதல் சிகிச்சை. செலவும் குறைவு, பலனும் சூட்டுக்குக் குறைந்ததில்லை. நீர்க்கட்டிக்கு நேராக ரேடியோ அலை என்று யாராவது சொன்னால், ஏன் எத்தனால் வேண்டாம் என்று கேளுங்கள். உங்கள் ஆத்தாவின் கட்டியில் நீர் சிறுபகுதியே என்பதால், சுடத் தொடங்குமுன் அந்த நீரை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அதேபோல், டி.எஸ்.எச். குறைந்து, கட்டியே மிகையாக ஹார்மோன் சுரக்கும் வகை இருக்கிறது. அதற்குச் சூடு அவ்வளவு நன்றாகக் கைகொடுப்பதில்லை. கட்டி சிறிதாக இருந்தாலொழிய அங்கே கதிர் அயோடின் பற்றித்தான் பேச வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி எல்லா முறைகளுக்கும் பொதுவான ஆபத்து. தைராய்டு மடலின் பின்பக்கம், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பள்ளத்தில் குரலை இயக்கும் நரம்பு ஓடுகிறது. ஸ்கேனில் பெரும்பாலும் அந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது; அது இருக்கும் இடத்தை அறிந்து விலகுவதுதான் திறமை. கட்டியின் பின்விளிம்பைச் சுடுமுன், கட்டிக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே குளிர்ந்த ஐந்து விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கரைசலைச் செலுத்தி, நரம்பைத் தள்ளி வைப்பார்கள். ரேடியோ அலையில் இதற்குச் சலைன் பயன்படுத்தக் கூடாது. உப்புநீர் மின்னோட்டத்தைக் கடத்திவிடும். மயக்க மருந்து கொடுக்காமல், கழுத்தில் லிடோகெயின் ஊசி மட்டும் போட்டு இதைச் செய்வதற்கும் இதுவே காரணம்: நோயாளியை அவ்வப்போது பேசச் சொல்லிக் குரலைக் கேட்டுக்கொண்டே செய்ய முடிகிறது. குரல் சற்றுக் கரகரத்தால் உடனே சூட்டை நிறுத்தி, குளிர்ந்த டெக்ஸ்ட்ரோஸைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் குரல் திரும்பிவிடும். முழு மயக்கம் கொடுத்து வலியே தெரியாமல் செய்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால், அதை வசதியாக நினைக்காமல், குரலை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். கொரியாவில் பல மையங்கள் சேர்ந்து 1459 பேரைப் பற்றி 2012இல் வெளியிட்ட கணக்கில், ரேடியோ அலை முறையில் எல்லாச் சிக்கல்களும் சேர்த்து 3.3 விழுக்காடு, பெரிய சிக்கல்கள் 1.4 விழுக்காடு, குரல் மாற்றம் நூற்றுக்கு ஒருவர். அது நன்கு கைதேர்ந்தவர்களின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

மதுரை மருத்துவர் அறுவை சொன்னதைத் தவறு என்று கொள்ளாதீர்கள். பாதித் தைராய்டை எடுத்துவிட்டால் அந்தக் கட்டி மீண்டும் வராது, திசு முழுவதும் பரிசோதனைக்குக் கிடைக்கும், ஒரே தடவையில் முடியும். எதிர்ப்பக்கத்தில், முழு மயக்கம், தழும்பு, சில நாள் ஓய்வு, ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் தைராய்டு மாத்திரை தேவைப்படுவது ஆகியவை உண்டு. சூட்டுச் சிகிச்சையில் தழும்பில்லை, அன்றே வீடு திரும்பலாம், தைராய்டு சுரப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டி முழுவதும் மறையாது, ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டும், சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். இரண்டாவது ஊசியில் சிறிதேனும் சந்தேகம் வந்தால், அல்லது கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால், நான் அறுவையின் பக்கம்தான் நிற்பேன்.

சாந்தி நாளைப் பற்றி. ஆறு மாதத்தில்தான் பெரும்பகுதிச் சுருக்கம் வருகிறது என்பதால், தை மாதத்துக்கு ஆடியிலேயே முடித்திருக்க வேண்டும். ஆடியில் தொடங்க மனமில்லை என்றால் ஆனிக்குள் செய்துவிடுவது நல்லது. அதற்கு முன் இரண்டாவது ஊசியும் அதன் முடிவும் வர வேண்டும். அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டால், மார்கழியில் அவசரமாகச் செய்யாதீர்கள்; அப்போது சாந்தியன்று கழுத்து இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று வீங்கியேகூட இருக்கலாம். கட்டி புற்றில்லாததாக இருக்கும்போது தை கழிந்து மாசியில் செய்வதால் எந்த நட்டமும் இல்லை. கழுத்திரு கனமான நகை என்றாலும் அது கட்டியை அழுத்தித் தீங்கு செய்யாது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

ஆக, உங்கள் ஆத்தாவின் கட்டிக்கு, இரண்டாவது ஊசியிலும் நல்ல முடிவு வந்தால், என் தேர்வு ரேடியோ அலை முறை. நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுவும் மைக்ரோவேவும்தான். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே ஊரைப் பார்க்காமல் செய்பவரைப் பாருங்கள். கல்லீரலில் செய்தது எவ்வளவு என்பதைக் கேட்பதில் பயனில்லை. தைராய்டில் எத்தனை செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேரை ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தார், குரல் மாற்றம் எத்தனை பேருக்கு வந்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எண்ணைச் சொல்லி, ஒருவருக்கு வந்தது, மூன்று மாதத்தில் சரியாயிற்று என்று விடை தருபவரை நம்பலாம்; யாருக்குமே வந்ததில்லை என்பவரிடம் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. சிகிச்சைக்கு முன் குரல்நாணை இ.என்.டி. மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆத்தா இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறார் என்றால் அதைத் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, சிகிச்சைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே முடிவு செய்ய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்தபடி அரைமணி நேரமாவது படுத்திருக்க வேண்டியிருக்கும்.

முடிந்த அன்று கழுத்தில் ஐஸ் ஒத்தடம் கொடுத்து ஓரிரு மணி நேரம் அங்கேயே வைத்திருந்துதான் அனுப்புவார்கள். இரத்தக் கசிவு வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். இருந்தாலும் முதல் இரவை அந்த ஊரிலேயே உறவினர் வீட்டில் கழிப்பது என் விருப்பம். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் டி.எஸ்.எச். பாருங்கள், ஸ்கேனும் எடுத்து மூன்று அளவுகளையும் எழுதி வாங்கி, மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இடையில் ஒன்று நினைவிருக்கட்டும்: எல்லாம் நன்றாக ஆறிவரும் வேளையில், மூன்று நான்கு வாரம் கழித்து, கழுத்து திடீரென்று வலித்து வீங்கினால், வெந்த கட்டியின் உறை கிழிந்து உள்ளிருந்த திசு வெளியே கசிந்திருக்கலாம். இது அரிது, பெரும்பாலும் மாத்திரையிலும் ஓய்விலும் அடங்கிவிடும். அந்த நிலையில் பக்கத்தில் உள்ள யாரிடமாவது காட்டிச் சீழ்க்கட்டி என்று கீறவிடாமல், சிகிச்சை செய்த மருத்துவருக்கே முதலில் போன் செய்து, ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். மூச்சுத் திணறலோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் மட்டும் போனுக்குக் காத்திராமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.